இறந்த கணவர் கணக்கில் வந்த கிசான் பணம்: திருப்பிக் கட்டுவதா, நிலத்தை யார் பெயருக்கு மாற்றுவது?

விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 49 வயதுப் பெண் விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மாமனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய 3 ஏக்கர் நிலம். அவர் 2012-ல் உயில் எழுதாமல் இறந்தார். பிறகு வாசகியின் கணவர், கணவரின் அண்ணன் ஆகிய இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா ஆனது. மாமியார் பெயரும் நாத்தனார் பெயரும் பட்டாவில் இல்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் என்று வாய்மொழியாகப் பிரித்து உழுது வந்தார்கள். கணவருக்கு, மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசான் உதவித்தொகை தவறாமல் வந்துகொண்டிருந்தது. 2023 ஜூன் மாதம் அவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் ஜூலை, நவம்பர், அடுத்த ஆண்டு பிப்ரவரி என மூன்று தவணை, மொத்தம் 6,000 ரூபாய் அவருடைய கணக்கில் விழுந்தது. வாசகி அதை ஏடிஎம் அட்டையில் எடுத்து விதைநெல்லுக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் செலவழித்துவிட்டார். இப்போது அதைத் திருப்பிக் கட்டச் சொல்லி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "போலீஸ் கேஸ் ஆகும், 3,000 ரூபாய் கொடு, முடித்துத் தருகிறேன்" என்கிறார் கணினி மையம் நடத்தும் ஒருவர்.

மகன் சென்னையில் தனியார் வேலை, வருமான வரி கட்டுகிறார். அதனால் இனிமேல் தனக்கு உதவித்தொகையே கிடைக்காது என்று வாசகி நினைக்கிறார். கணவரின் அண்ணனோ, "எப்படியும் பையனுக்குத்தானே போகப்போகிறது, எல்லோரும் அவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். இது போக, சென்னைவாசி ஒருவரின் 2 ஏக்கரை எட்டு வருடமாக எழுத்தில் எதுவும் இல்லாமல் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது அந்த நிலத்தின் சம்பா முழுவதும் மூழ்கியது. நிவாரணம் நில உரிமையாளர் கணக்குக்குப் போய்விட்டது. "சேற்றில் நின்றது நான், பணம் வாங்கியது அவர். கேட்டால் பட்டா என்னுடையது என்கிறார். சட்டம் இதைத்தான் சொல்கிறதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, முதலில் உங்களை உறங்கவிடாமல் செய்யும் அந்த 6,000 ரூபாயைப் பேசிவிடுவோம்.

அந்தப் பணம் உங்களுக்கு உரியது அல்ல என்பது உண்மை. பி.எம். கிசான் நிலம் வைத்திருக்கும் ஒருவருக்கு அவர் உயிரோடு இருக்கும்வரை தரப்படும் உதவி. அவர் இறந்தால் அது தானாக மனைவிக்கு மாறாது. வாரிசு தன் பெயரில் புதிதாக விண்ணப்பித்து, தகுதி சரிபார்க்கப்பட்ட பிறகே பெற முடியும். ஆகவே திருப்பிக் கேட்பது சரிதான். ஆனால், தெரியாமல் எடுத்ததற்கும் ஏமாற்ற நினைத்து எடுத்ததற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். நீங்கள் பொய்யான ஆவணம் எதுவும் கொடுக்கவில்லை, கணவர் இறந்ததை மறைத்துப் புதிய பதிவும் செய்யவில்லை. கேட்டவுடன் பணத்தைக் கட்டிவிட்டால் இதில் வழக்குக்கு வேலை இல்லை.

அலுவலகம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்றும் சொல்கிறேன். 2020-ல் கொரோனா காலத்தில் உங்கள் மாவட்டத்திலும் கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலும் இந்தத் திட்டத்தில் பெரிய முறைகேடு நடந்தது. தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு ஏறக்குறைய 110 கோடி ரூபாய் போனது. சிபிசிஐடி விசாரித்தது. அப்போது பணம் வாங்கியவர்களில் பலருக்கு அது கிசான் பணம் என்றே தெரியாது. கொரோனா நிவாரணம் என்று சொல்லித்தான் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கியிருந்தார்கள். அவர்களை அந்த வலையில் மாட்டிவிட்டவர்களில் தனியார் கணினி மையக்காரர்களும் இருந்தார்கள். ஆகவே 3,000 கேட்கும் அந்த ஆளிடம் உங்கள் ஆதாரைக் கொடுக்காதீர்கள், கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் சொல்லாதீர்கள்.

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நேரில் போங்கள். கணவரின் இறப்புச் சான்றும் உங்களுக்கு வந்த கடிதமும் கையில் இருக்கட்டும். "இறந்த பிறகு வந்த மூன்று தவணையையும் கட்ட வந்திருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்து, எப்படிக் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பி.எம். கிசான் இணையதளத்திலும் பணத்தைத் திருப்பிச் செலுத்தும் வசதி இருக்கிறது. எந்த வழியில் கட்டினாலும் ரசீது வாங்குங்கள், இரண்டு நகல் எடுத்து வையுங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். கணவரின் ஏடிஎம் அட்டையை இனி தொடாதீர்கள். வங்கிக்குப் போய் இறப்புச் சான்றைக் கொடுத்து, நாமினி யார் என்று பார்த்துக் கணக்கை முடித்துவிடுங்கள்.

மகன் வரி கட்டினால் அம்மாவுக்கு இல்லையா?

கிடைக்காது என்பது தவறான எண்ணம். கிராமங்களில் இதைப் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள், அதனால் தகுதியுள்ள பல தாய்மார்கள் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். அவ்வளவுதான். வேலைக்குப் போகும் உங்கள் மகன் அந்தக் கணக்கில் வரமாட்டார். கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவருக்கு உதவி இல்லை என்ற விதி, உங்கள் குடும்பத்தில் உங்களைத்தான் பார்க்கும். அரசு ஊழியர்கள் (கடைநிலைப் பணியாளர் தவிர), மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குவோர், மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போலப் பதிவு செய்து தொழில் நடத்துவோர் ஆகியோருக்கும் கிடையாது. கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இவற்றில் எதிலும் நீங்கள் வரவில்லை.

இன்னொன்று: இது ஏக்கர் கணக்கில் வரும் பணம் இல்லை. குடும்பத்துக்கு வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000. 2019-ல் தொடங்கியபோது 2 ஹெக்டேருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, அதே ஆண்டில் அந்த வரம்பும் நீக்கப்பட்டது. குறைந்தது இவ்வளவு நிலம் வேண்டும் என்றும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த கணக்கைப் பார்த்தால் புரியும்.

உங்கள் பங்கு உண்மையில் எவ்வளவு?

ஒன்றரை ஏக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தில் இருப்பது அதுதான். சட்டப்படி கணக்குப் போட்டால் வேறு எண் வருகிறது, வருத்தப்படாமல் கேளுங்கள்.

மாமனார் சுயமாகச் சம்பாதித்த நிலம், உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய முதல் நிலை வாரிசுகள் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். நான்கு பேருக்கும் சமபங்கு, ஆளுக்கு 75 சென்ட். "நாத்தனாருக்கு நகை போட்டுச் சீர் செய்து அனுப்பிவிட்டோம், பட்டாவிலும் பெயர் இல்லை" என்று உங்கள் கணவரின் அண்ணன் சொல்வது சட்டத்தில் நிற்காது. சீர் கொடுத்ததால் பங்கு போய்விடாது. பட்டாவில் பெயர் இல்லாததாலும் போகாது. பட்டா என்பது வருவாய்த்துறை பராமரிக்கும் பதிவு, அது மட்டுமே உரிமைமூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நாத்தனார் தன் பங்கை விட்டுக்கொடுத்து, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே கதை வேறு.

இனி உங்கள் கணவரின் 75 சென்ட். அவருடைய வாரிசுகள் நீங்கள், மகன், மகள், அவருடைய அம்மா. மகன் இறந்தால் தாயும் முதல் நிலை வாரிசு என்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. நான்கால் வகுத்தால் ஆளுக்கு 18.75 சென்ட். ஆக, காகிதத்தில் உங்களுடையது இன்றைக்கு 19 சென்டுக்கும் குறைவு. உங்கள் மாமியாருடையதோ 75-ம் 18.75-ம் சேர்ந்து ஏறக்குறைய 94 சென்ட். இந்தக் குடும்பத்தில் அதிகப் பங்கு அவருக்குத்தான், அவர் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. அந்த 19 சென்டை வைத்தே நீங்கள் முழு 6,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒன்றரை ஏக்கரும் உங்கள் கையில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால் மாமியாரோடும் நாத்தனாரோடும் பேசியாக வேண்டும். அவர்களை விட்டுவிட்டு அண்ணனும் நீங்களும் மட்டும் கையெழுத்துப் போட்டு முடிக்கும் எந்தப் பத்திரமும் பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகளை நீதிமன்றத்தில் கொண்டு நிறுத்தும். அப்படிப்பட்ட பாகப்பிரிவினை வழக்குகள் எத்தனை ஆண்டுகள் இழுக்கும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். நாத்தனார் கேட்காமல் இருக்கும்போதே நீங்களாகப் போய்ப் பேசினால் பாதி மனத்தாங்கல் அங்கேயே தீரும்.

மகன் பெயருக்கு இப்போதே எழுதுவதா?

கணவரின் அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் சொல்லும் வரிசையில் செய்தால் நீங்கள் இழப்பது நிறைய. நிலம் மகன் பெயரில் போனால், அவர் வரி கட்டுவதால் அவருக்கு உதவித்தொகை இல்லை. நிலம் இல்லாததால் உங்களுக்கும் இல்லை. நாளை சொட்டுநீர்ப் பாசனம் போட நினைத்தால், சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் தமிழ்நாட்டில் உண்டு. அதற்கு வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று வேண்டும், அந்தச் சான்றும் பட்டாவைப் பார்த்துத்தான் தரப்படும். சென்னையில் இருக்கும் மகன் ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு வந்து நிற்க வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு, கவனமாகப் படியுங்கள். பி.எம். கிசானுக்கு 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே கணக்கு. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கினாலோ, தானமாகப் பெற்றாலோ தகுதி வராது. நிலம் வைத்திருந்தவர் இறந்து வாரிசுக்கு வந்தால் மட்டும் விலக்கு. உங்கள் கணவர் பெயர் அந்தத் தேதியில் பட்டாவில் இருந்தது. ஆகவே உங்கள் பெயர் முதலில் வாரிசு என்ற அடிப்படையில் பட்டாவில் ஏற வேண்டும். நேராக விடுதலைப் பத்திரமோ தானப் பத்திரமோ எழுதி அதன் மூலம் பெயர் மாற்றினால், கணினியில் அது வேறு வகைக் கைமாற்றமாகப் பதிவாகி உங்கள் விண்ணப்பம் தள்ளுபடி ஆகக்கூடும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அதில் மாமியார் பெயரையும் மறைக்காமல் சேருங்கள், விட்டால் சான்றே ரத்தாகலாம். அது வந்ததும் கணவர் பெயருக்குப் பதிலாக நான்கு வாரிசுகளின் பெயரையும் கூட்டுப் பட்டாவில் சேர்க்கக் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது நேரில் இருங்கள். மனு நிராகரிக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. பட்டா கையில் வந்த பிறகு உங்கள் பெயரில் கிசான் பதிவு. புதிதாகப் பதிவு செய்வோரிடம் விவசாயி தனித்துவ அடையாள எண்ணும் கேட்கிறார்கள், பொதுச் சேவை மையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். ஆதார் உங்களுடைய வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியிலேயே பார்த்துவிடுங்கள். பல பேருக்குத் தவணை நிற்பது தகுதி இல்லாமல் அல்ல, இந்த இணைப்பும் இ-கேஒய்சி எனப்படும் ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பும் முடியாததால்தான். சந்தேகத்துக்கு 155261 என்ற உதவி எண் இருக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகு மகனும் மகளும் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதோ, மாமியார் தன் பங்கை யாருக்கு என்று முடிவு செய்வதோ நிதானமாகப் பேசலாம். அவசரம் ஒன்றும் இல்லை. மகளிடம் கையெழுத்து வாங்கும்போது "அண்ணனுக்குத்தானே" என்று சொல்லி வாங்காதீர்கள். அவளுக்கும் 18.75 சென்ட் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும், அதற்குப் பிறகு அவளே முடிவு செய்யட்டும்.

குத்தகை நிலமும் போன நிவாரணமும்

உங்கள் கடைசிக் கேள்வி என்னை மிகவும் பாதித்தது. பி.எம். கிசானைப் பொறுத்தவரை பதில் கசப்பானது: குத்தகை விவசாயிக்கு அதில் இடமே இல்லை. நிலம் வைத்திருப்பவருக்குத்தான் பணம், உழுகிறாரா இல்லையா என்ற கேள்வி இல்லை. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், பல மேடைகளில் சொல்லியும் வருகிறேன். வேறு வழி இல்லாமலும் இல்லை. ஆந்திராவில் 2019-ல் பயிர் செய்வோர் உரிமைச் சட்டம் வந்தது. உரிமையாளரும் பயிர் செய்பவரும் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டால் போதும். நிலத்தின் மீது எந்த உரிமையும் போகாது, கடனும் காப்பீடும் பயிர் செய்பவருக்குக் கிடைக்கும். நம் மாநிலத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

ஆனால் வெள்ள நிவாரணம் வேறு. அது நிலத்துக்கான வாடகை அல்ல, அழிந்த பயிருக்கு இடுபொருள் செலவாகத் தருவது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது அப்போதைய பேரிடர் நிதி விதி. 2 ஏக்கருக்கு அது 13,700 ரூபாய் அளவுக்கு வரும். விதையும் உரமும் நடவுக்கூலியும் போட்டது நீங்கள் என்றால், அந்தப் பணத்தின் நோக்கம் நீங்கள்தான். அது உரிமையாளருக்குப் போனதற்குக் காரணம், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் அடங்கல் என்ற கிராமப் பதிவேட்டில் அவர் பெயரே இருந்ததாக இருக்கலாம். கணக்கெடுப்புக்கு வருபவர்கள் அதைப் பார்த்துத்தான் பட்டியல் எழுதுகிறார்கள்.

போன பணத்தை வாங்க முடியுமா? நேர்மையாகச் சொன்னால், கடினம். உங்கள் சர்வே எண்ணுக்கு யார் பெயரில் எவ்வளவு போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதை வைத்து உரிமையாளரிடம் பேசிப் பார்க்கலாம், அல்லது அடுத்த குத்தகையில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். நோட்டீஸ், வழக்கு என்று போவதை நான் இப்போது பரிந்துரைக்கவில்லை. 13,700 ரூபாய்க்காக எட்டு வருடக் குத்தகையையே பகைத்துக்கொள்ளும் நிலை வரலாம்.

உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. 1955-ஆம் ஆண்டுச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உழைப்பில் அடுத்தவர் நிலத்தைப் பயிர் செய்பவரை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் குத்தகைதாரராக ஏற்கிறது. திடீரென்று உங்களை வெளியேற்ற முடியாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவேட்டில் பதியக் கேட்கவும் செய்யலாம். ஆனால் இந்தப் பதிவுதான் உரிமையாளர்களை மிகவும் அஞ்ச வைக்கிறது. பெயர் ஏறிவிட்டால் நிலம் திரும்பாது என்று நினைத்து, மனு போட்ட மறுமாதமே ஆளை மாற்றப் பார்ப்பார்கள். ஆகவே அந்த ஆயுதத்தை இப்போது எடுக்காதீர்கள், அதற்கான சான்றுகளை மட்டும் சேர்த்து வையுங்கள். குத்தகைப் பணத்தை இனி ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ அனுப்புங்கள். உரக்கடை பில்லை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த சம்பாவுக்கு ஒரே ஒரு விஷயத்தை உரிமையாளரிடம் கேளுங்கள்: பயிர்க் காப்பீட்டுக்கு ஒரு சம்மதக் கடிதம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகை விவசாயியும், விளைச்சலில் பங்கு பேசிப் பயிர் செய்யும் வாரதாரரும் தாராளமாகச் சேரலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் மட்டும். ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீடு என்றால் 540 ரூபாய். "இது பயிருக்கான காப்பீடு, நிலத்தின் மீது எனக்கு இதனால் எந்த உரிமையும் வராது" என்று அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், அவருடைய பயம் குறையும். அதைக் காட்டிக் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் பெயரில் அடங்கல் கேளுங்கள். சம்பாவுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். கடைசி வாரத்தில் மையங்களில் இணையம் திணறும், ஆகவே அக்டோபரிலேயே கட்டிவிடுங்கள். ரசீதில் சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஓர் எண் மாறியதால் இழப்பீடு வேறு கிராமத்துக் கணக்கில் போனவர்களை எனக்குத் தெரியும். அறுத்துப் போட்ட நெல் களத்தில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. உங்கள் வட்டத்தின் நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் பேசலாம். போகும்போது மாமனார், கணவர் இருவரின் இறப்புச் சான்று, பழைய கிரயப் பத்திரம், இப்போதைய கூட்டுப் பட்டா, உங்களுக்கு வந்த கடிதம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். மாமியாருக்கு உடல் இடம் கொடுத்தால் அவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.